திருப்தி இல்லை என்று எழுதிய எங்கள் ஞானா மிஸ்

ஞானா மிஸ் காலமானார் என்ற செய்தி வந்தபோது நான் இரண்டாம் வருட மாணவர்களின் பரிசோதனைக்காக ஆய்வுகூட மேசைகளில் பியூரெட்டுகளைப் பொருத்திக்கொண்டிருந்தேன். அழைத்தவர் பௌசியா. எங்கள் பல்கலைக்கழகப் பீடத்தில் மாணவர்களுக்குத் தகவல் சொல்லும் விசாரணைக் கருமபீடத்தில் இருப்பவர், பேச்சுக்குப் பஞ்சமே இல்லாதவர், அன்று வார்த்தை வராமல் திணறினார். “செல்வம் அண்ணே, மிஸ் மவுத்தாகிட்டாங்களாம். விடியக்காலையில நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலேயே…” என்றவர் அழத் தொடங்கிவிட்டார்.

நானும் அழுதேன். அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அஞ்சலிக் கட்டுரை என்றால் குரலைத் தாழ்த்தி, அடக்கமானவர், அமைதியானவர், அதிர்ந்து பேசாதவர் என்றெல்லாம் எழுதுவது வழக்கம். ஞானா மிஸ்ஸைப் பற்றி அப்படி எழுதினால் மயானத்திலிருந்து எழுந்து வந்து என்னை ஏசுவார். அவர் அதிர்ந்துதான் பேசுவார். அவர் மாடியில் கதைத்தால் கீழே வாகனத் தரிப்பிடத்தில் நிற்பவர்களுக்கு விடயம் விளங்கும். அவரை நினைக்கும்போது எனக்குத் துக்கத்தோடு சேர்ந்து ஓர் உற்சாகமும் பொங்குகிறது. அதை எழுதாவிட்டால் இது அவரைப் பற்றிய கட்டுரையாகவே இருக்காது.

திருமதி ஞானாம்பிகை தியாகராஜா யாழ்ப்பாணத்தில் பிறந்து, திருமணத்தின் பின் கெலிஓயாவில் குடியேறியவர். கண்டிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் முகாமைத்துவ உதவியாளராகப் பணியாற்றி, அண்மையில் ஓய்வுபெற்று இளைப்பாறினார். ஆய்வுகூட உதவியாளர், கூட்டித் துடைப்பவர், தச்சு வேலை செய்பவர், கோப்பு காவுபவர் என்று எங்கள் பீடத்திலிருந்த கல்விசாரா ஊழியர்கள் எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பது அவருடைய பொறுப்பு.

அவர் எங்கள் பீடத்துக்கு மாற்றலாகி வருகிறார் என்று கேள்விப்பட்டபோது நாங்கள் நடுங்கினோம். முந்தைய கந்தோரில் மூன்று தலைமை அதிகாரிகளோடும் சண்டை பிடித்தவர் என்ற புகழ் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் வேலை ரோஸ்டர்படி சுற்றும். சில மாதங்கள் ஆய்வுகூடம், சில மாதங்கள் நடைபாதை, சில மாதங்கள் கருமபீடம். ஓரிடத்தில் நிலைத்தால் ஊழியர் சோம்பேறியாகிவிடுவார் என்று மேலிடத்தில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். விளைவு என்னவென்றால், எந்த வேலையும் எங்களுடையதாக இருக்கவில்லை. உடைந்த குடுவை அடுத்தவர் தலையில் விழும், ஒழுகும் குழாய் அடுத்த ரோஸ்டர் வரை ஒழுகும். நாங்கள் கையொப்பம் இடுவதற்கு வந்து, கையொப்பம் இடுவதற்காகவே மாலைவரை காத்திருந்தோம்.

வந்த முதல் நாளே மிஸ் தம் கதிரையில் உட்காரவில்லை. அறை அறையாக நடந்தார். என்னிடம் வந்தபோது நான் நடைபாதையில் கூட்டும் தும்புத்தடியோடு நின்றேன்.

“உம்மட பேர் என்ன?”

“செல்வம்ங்க மிஸ். பன்வில பக்கம்.”

“உமக்கு இஞ்சை எந்த வேலை செய்ய விருப்பம்?”

எனக்கு விளங்கவில்லை. ஏதோ பொறி வைக்கிறார் என்று நினைத்தேன். “எது குடுத்தாலும் செய்வேனுங்க மிஸ்” என்றேன்.

“நான் அதைக் கேக்கேல்லை. விருப்பம் எது எண்டு கேட்டனான். எது குடுத்தாலும் செய்யிறதுக்கு நீர் என்ன மாடே?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தக் கோபத்தில்தான் வாயிலிருந்து உண்மை வந்தது. இரசாயன ஆய்வுகூடத்தில் கரைசல் தயாரிக்க விருப்பம் என்றேன். அந்த நிறங்கள் மாறுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும், யாரும் கேட்காததால் யாரிடமும் சொன்னதில்லை. “ஓம். அப்ப அங்கை போம்” என்றார். அவ்வளவுதான்.

இப்படியே எல்லோரிடமும் கேட்டார். பௌசியா அப்போது நடைபாதை கூட்டிக்கொண்டிருந்தார். திகனவிலிருந்து வரும் அவர், பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் பக்கத்து இருக்கைக்காரியின் குடும்ப வரலாற்றை முழுவதும் கேட்டு முடிப்பவர். “எனக்கு ஆக்களோட கதைக்கத்தான் விருப்பம் மிஸ், அதுக்கெல்லாம் வேல இரிக்கா?” என்று கேட்டிருக்கிறார். மிஸ் அவரைக் கருமபீடத்தில் உட்கார வைத்தார். பண்டார என்ற சிங்களச் சகோதரர் மனிதர்களைக் கண்டால் ஒதுங்குபவர், பொருள்களைக் கண்டால் நெருங்குபவர். அவரிடம் உடைந்த கதிரைகளும் மேசைகளும் குவிந்து கிடந்த பின்னறையின் பூட்டுத் திறப்பைக் கொடுத்து, அவற்றைத் திருத்தும் தச்சு வேலையை ஒப்படைத்தார்.

என்ன நடந்தது என்று எழுதும்போது இப்போதும் எனக்கு மனம் துள்ளுகிறது. கருமபீடத்து வரிசை கரைந்தது, ஏனென்றால் மாணவர் வாய் திறக்க முன்னமே பௌசியாவுக்கு அவருடைய பிரச்சினை தெரிந்திருக்கும். பின்னறையில் குவிந்திருந்த கதிரைகள் ஒவ்வொன்றாக விரிவுரை மண்டபத்துக்குத் திரும்பின. பண்டார வேலை தொடங்கும் நேரத்துக்கு முன்னமே வந்து மரம் அறுக்கும் வாளைத் தீட்டிக்கொண்டிருப்பார். நான் விடுமுறை எடுப்பதைக் குறைத்தேன். நான் இல்லாத நாளில் யாராவது என் அலுமாரியைக் குழப்பிவிடுவார்கள் என்ற கவலை எனக்கு. வேலையைப் பற்றி எனக்குக் கவலை வந்தது என்பதே என் மனைவிக்குப் பெரிய புதினமான செய்தி.

மிஸ் நல்லவர் என்று மட்டும் எழுதினால் பொய். கோபம் வந்தால் நியாயம் அநியாயம் பார்க்க மாட்டார். நான் வெற்றிலை போடுவதைக் கண்டால் என் பரம்பரையையே இழுப்பார். நேரத்துக்கு வராதவர்களை வாசலில் நிறுத்தி ஏசுவார். கெலிஓயா பஸ்ஸைத் தவறவிட்டுத் தாமே பிந்தி வரும் நாள்களில் அந்தப் பஸ்காரனை ஏசுவார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. தாம் பிழையாக ஏசிவிட்டது தெரிந்தால் மறுநாள் வீட்டிலிருந்து பருத்தித்துறை வடை கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் நம் மேசையில் வைத்துவிட்டுப் போவார். பீடத்தில் அதிகமாக வடை சாப்பிட்டவன் நான்தான்.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆய்வு வந்தது. முகாமைத்துவத் துறையைச் சேர்ந்த இளம் விரிவுரையாளர் ஒருவர், பல்கலைக்கழகத்தின் ஆதரவுச் சேவை ஊழியர்களின் தொழில் திருப்தி அவர்களது வேலையை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்வதாகச் சொல்லி எல்லாப் பீடங்களுக்கும் வினாக்கொத்து விநியோகித்தார். நல்ல பிள்ளை, சிரித்த முகம். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ‘சிறிதும் திருப்தியில்லை’ என்பதிலிருந்து ‘மிகவும் திருப்தி’ வரை கட்டங்கள் இருந்தன. பெயர் எழுதத் தேவையில்லை என்றார்.

தேநீர் இடைவேளைக்குள் வதந்தி பரவிவிட்டது. தாளின் மூலையில் ஒரு சிறிய இலக்கம் இருக்கிறதாம், அதை வைத்து யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார்களாம், குறை சொன்னவர்களைத் தூர இடத்துக்கு மாற்றுவார்களாம். உடனே எல்லோரும் தாளைக் கையால் மறைத்துக்கொண்டோம். ஒருவருக்கொருவர் காட்டாததால், எல்லோருடைய தாளிலும் ஒரே இலக்கம்தான் இருக்கிறது, அது வெறும் பக்க எண் என்பது எவருக்கும் தெரியவில்லை. நாங்கள் எல்லாக் கேள்விக்கும் ‘மிகவும் திருப்தி’ என்றே அடையாளமிட்டோம். சம்பளமா? மிகவும் திருப்தி. ஓய்வறையா? மிகவும் திருப்தி. ஓய்வறையே இல்லை! பௌசியா ஒரு படி மேலே போய், பீடத் தலைவரான பீடாதிபதிக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும் என்று ஓரத்தில் துஆ எழுதிவைத்தார்.

அந்த ஆய்வின் முடிவைச் சொல்லப் பீடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. விரிவுரையாளர்கள் அமர்ந்திருக்க, நாங்கள் பின்சுவரோரம் நின்றோம். இளம் விரிவுரையாளர் திரையில் படங்களைக் காட்டினார். பல்கலைக்கழகத்திலேயே மிகத் திருப்தியான ஊழியர்கள் எங்கள் பீடத்தில்தான் இருக்கிறார்களாம். நாங்கள் பெருமையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பீடாதிபதி எழுந்தார். அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இவ்வளவு திருப்தியான ஊழியர்களை ஒரே பீடத்தில் வைத்திருப்பது மற்றப் பீடங்களுக்குச் செய்யும் அநீதி என்றார். ஆகவே எங்களை ஒவ்வொருவராகப் பிரித்து ஒவ்வொரு பீடத்துக்கும் அனுப்பப் பதிவாளரோடு பேசிவிட்டாராம். திருப்தியானவர் எங்கே போனாலும் திருப்தியாகத்தானே இருப்பார் என்று சொல்லிச் சிரித்தார்.

வேறு பீடத்தில் எனக்கு ஆய்வுகூடம் கிடைக்கப்போவதில்லை. மீண்டும் தும்புத்தடி, மீண்டும் ரோஸ்டர். பௌசியாவின் முகம் வெளுத்துவிட்டது. பண்டார தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் வாயாலேயே கெட்டோம்.

அப்போது இளம் விரிவுரையாளர் கடைசியாக ஒரு குறிப்புச் சொன்னார். இந்தப் பீடத்தில் ஒரேயொரு வினாக்கொத்து மற்றவற்றோடு பொருந்தவில்லை, அடையாளமிட்டவர் கேள்வியைப் பிழையாக விளங்கியிருக்க வேண்டும், அதனால் அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டோம் என்றார்.

“பிழை ஒண்டுமில்லை, சேர். அந்த ஒண்டு நான்தான்.”

சுவரோரத்திலிருந்து ஞானா மிஸ் முன்னால் வந்தார். கூட்டம் சிங்களத்தில் நடந்தது, அவரும் சிங்களத்தில்தான் பேசினார். ஆனால் அவருடைய சிங்களத்திலும் யாழ்ப்பாணம்தான் கேட்கும், எனக்கு அது இப்படித்தான் நினைவில் நிற்கிறது: “கேள்வி எனக்கு வடிவா விளங்கினது. பொம்பிளை ஆக்களுக்கு உடுப்பு மாத்த இஞ்சை ஒரு அறை இல்லை, திருப்தி இல்லை எண்டு போட்டனான். எங்களை நிக்க வைச்சுக் கூட்டம் நடத்துறீங்கள், அதுக்கும் திருப்தி இல்லை. செய்யிற வேலையில திருப்தி, நிறையத் திருப்தி எண்டும் போட்டனான். மற்ற ஆக்கள் முழுக்கத் திருப்தி எண்டு போட்டது பயத்தில. பயந்தவன் எழுதின தாளை வைச்சு ஆளைப் பிரிக்காதேங்கோ.”

இந்த இடத்தில் வாசகர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே மாதம் மிஸ்ஸுக்கு அடுத்த தரத்துக்கான பதவி உயர்வு நேர்முகப் பரீட்சை இருந்தது. அதற்குப் பீடாதிபதியின் பரிந்துரை வேண்டும். மிஸ்ஸுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும்.

பீடாதிபதியின் முகம் சிவந்தது. இது உங்கள் கருத்து மட்டுமே, ஆதாரம் எங்கே என்று கேட்டார். மிஸ் தயங்கவேயில்லை. “சேர் விஞ்ஞானி. பரிசோதிச்சுப் பாருங்கோ. வேற பீடத்துக்கு அனுப்ப முதல், ஒரு கிழமைக்கு இஞ்சையே எங்கடை ஆக்களை இடம் மாத்திப் பாருங்கோ. திருப்தி எங்கை போனாலும் கூட வருதோ எண்டு தெரியும்” என்றார். பரிசோதனை என்ற சொல்லுக்கு அந்த மனிதரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. “ஹரி, பார்ப்போம்” என்று சிங்களத்தில் சம்மதித்தார்.

கூட்டம் முடிந்ததும் நாங்கள் ஆய்வுகூடத்துக்குப் பின்னால் திரண்டோம். எனக்கு ஒரே துடிப்பு. “சோக்கான வேல மிஸ்! ஒரு கெழமைக்கு எல்லாத்தையும் குட்டிச்சுவராக்கிப்புடுவோம். தானா நிறுத்திருவாங்க” என்றேன்.

மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி ஆளாகிவிட்டேன்.

“ஒருத்தரும் வேணுமெண்டு பிழை விடக்கூடாது. முழு மனசோட செய்யோணும். ஆரும் நடிச்சால், முதல் ஆளா நானே போய்ச் சேரிட்டைச் சொல்லுவன்.”

“மிஸ், நல்லா செஞ்சிட்டோம்னா நம்மள பிரிச்சிருவாங்களே!”

“பிரிச்சால் பிரியிறது. நான் பிழையா நினைச்சிருக்கிறன் எண்டு ஒத்துக்கொள்ளுறன். பொய்யாலதானே செல்வம் இந்த வில்லங்கம் வந்தது. இன்னொரு பொய்யால வெல்ல எனக்கு வேண்டாம்.”

அந்த வாரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பண்டாரவைக் கருமபீடத்தில் வைத்தார்கள். பாவம், அவர் முழு மனதோடுதான் உட்கார்ந்தார். மாணவர்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் வியர்த்தபடி “ம்” என்றார். நண்பகலுக்குள் வரிசை படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. பௌசியாவை என் ஆய்வுகூடத்தில் குடுவை கழுவ விட்டார்கள். அவர் கழுவிய குடுவைகளில் முகம் பார்க்கலாம், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பேச ஆளில்லாமல் அவருக்குப் பைத்தியம் பிடித்தது. நடைபாதையில் யாருடைய குரல் கேட்டாலும் குழாயை மூட மறந்து ஓடிவிடுவார். தண்ணீர் என் அலுமாரிக்கு அடியில் புகுந்து விரிவுரையாளர்களின் அறைவரை போனது. எனக்குக் கிடைத்தது தச்சு வேலை. சத்தியமாக நான் கவனமாகத்தான் ஆணி அடித்தேன், விரல் நகம் கறுத்ததே அதற்குச் சாட்சி. நான் திருத்திய கதிரையில், நிலைமையைக் குறித்துக்கொள்ள வந்த அந்த இளம் விரிவுரையாளரே வந்து உட்கார்ந்தார். அவர் எழுந்தபோது கதிரை எழவில்லை.

ஆனால் பரிசோதனையை முடித்து வைத்தது தண்ணீரோ கதிரையோ அல்ல. கிழமையின் நடுவில் பண்டார யாரிடமும் சொல்லாமல் பீடாதிபதியின் கதவைத் தட்டினார். அவர் போவதைக் கண்டு பின்னால் வந்து அறைக்கு வெளியே நின்ற எங்கள் காதில் அவர் சிங்களத்தில் சொன்னது விழுந்தது. “சேர், முன்னர் நான் விடிந்ததும் வேலைக்கு வர அவசரப்படுவேன். இப்போது காலையில் வயிறு வலிக்கிறது. நான் கள்ளம் பண்ணவில்லை சேர். முயற்சி செய்தேன். முடியவில்லை.” அந்த வாயில்லாத மனிதர் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. மிஸ் அவ்விடத்திலேயே சுவரில் சாய்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அன்று மாலையே பீடாதிபதி வெளியே வந்து, எல்லோரும் நாளை முதல் அவரவர் இடத்துக்குப் போகலாம் என்றார். இடமாற்றத்தையும் கைவிட்டார். நாங்கள் கத்திய கத்தலில் மேல்மாடி விரிவுரை நின்றுபோனது! பௌசியா என் ஆய்வுகூடத்திலிருந்து ஓடிப்போய்க் கருமபீடத்தை முத்தமிடாத குறைதான். இளம் விரிவுரையாளர் பின்னர் வினாக்கொத்தைத் தூக்கிவைத்துவிட்டு, எங்கள் ஒவ்வொருவரோடும் வேலை செய்யும் இடத்திலேயே உட்கார்ந்து பேசினார். பழைய களஞ்சிய அறையொன்று பெண் ஊழியர்களின் உடைமாற்றும் அறையாயிற்று.

மிஸ்ஸுக்கு மட்டும் அந்தத் தரம் கிடைக்கவில்லை. பரிந்துரை வந்ததாம், ஆனால் உயிரில்லாத இரண்டு வரியாக வந்ததாம். பதவி வேறொருவருக்குப் போனது. அவருக்கு அது பெரிய விடயமே இல்லை என்று நான் இங்கே எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அது உண்மையல்ல. முடிவு வந்த அன்று என் ஆய்வுகூடத்துக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

“எனக்கு ஆசை இருந்தது, செல்வம். என்ரை பேருக்கு முன்னால அந்தப் பதவியைப் போட்டு ஊருக்கு ஒரு கடிதம் எழுதோணும் எண்டு ஆசை. நல்லா நோகுது.”

“அன்னைக்கு நீங்க பேசாம இருந்திருக்கலாமுங்க மிஸ்” என்றேன்.

“இருந்திருக்கலாம். பேந்து உங்களுக்கு வேலை பிரிச்சுக் குடுக்கேக்கை உங்கடை முகத்தை எப்பிடிப் பாக்கிறது?” என் கரைசல் குடுவையொன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “குறையைச் சொல்ல ஏலுமெண்டால் அந்த இடத்தில வேலை செய்யலாம். சொல்ல ஏலாட்டி, சம்பளத்துக்கு நேரம் போக்கலாம். எனக்கு நேரம் போக்கத் தெரியாது” என்றார். பிறகு நான் வெற்றிலை போட்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். மற்றதை எழுதத் தேவையில்லை.

அதே தரத்திலேயே இளைப்பாறினார். போகும்வரை ஒரு நாளாவது அவர் வேலையில் சோர்ந்து நான் பார்த்ததில்லை. தோற்றவர் அப்படி நடக்க மாட்டார்.

நேற்று இறுதிக்கிரியை. கெலிஓயா வீட்டில் காலையிலேயே கூடினோம். அவருடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இளைப்பாறின பிறகும் காலமை எழும்பிச் சீலை உடுத்துவா. எங்கை போறீர் எண்டு கேட்டால், ஓ, இண்டைக்கு ஒருத்தரும் இல்லை என்ன எண்டு திரும்பி வந்து இருப்பா. உங்கள் எல்லாரோடையும் சண்டை பிடிக்காமல் அவவுக்குச் சரிவரேல்லை” என்றார். நாங்கள் அந்தத் துக்க வீட்டில் சிரித்தோம். பௌசியா சிரித்தபடியே தேம்பினார்.

மயானம் கண்டிப் பக்கம் என்பதால் பூதவுடலைச் சுமந்த வாகனம் பல்கலைக்கழகத்தைக் கடந்துதான் போக வேண்டும். அவருடைய தரத்தில் இருந்தவருக்கு வீதியில் நின்று மரியாதை செய்யும் ஏற்பாடு எதுவும் எங்கள் இடத்தில் கிடையாது. சுற்றுநிருபம் வரவில்லை, ஒருவரும் யாரையும் அழைக்கவுமில்லை. முன்னதாகவே வந்து பீட வாசலில் நின்ற நாங்கள், வாகனம் வளைவில் திரும்பியபோது பார்த்தோம்: நூலகம், விடுதிச் சமையலறை, தோட்டம், காவற்கூடம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஊழியர்கள் இறங்கி வந்து வீதியோரம் முழுவதும் நின்றார்கள். எங்களைப் பிரிக்கப்பார்த்த, இப்போது இளைப்பாறிவிட்ட அந்தப் பீடாதிபதியும் விரிவுரையாளர்களோடு நிற்காமல் பண்டாரவின் அருகில் வந்து நின்றார். வாகனம் மெதுவானது. பண்டார கையை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டார். பீடாதிபதி அவருடைய தோளில் கை வைத்தபடி, “நான் அந்தப் பரிந்துரையைச் சரியாக எழுதியிருக்க வேண்டும்” என்று சிங்களத்தில் மெல்லச் சொன்னார். பண்டார அவரைப் பார்த்தார். “ஆம் சேர்,” என்றார் உரத்த குரலில், “எழுதியிருக்க வேண்டும்.”

மிஸ், அது உங்களுக்குக் கேட்டதா? எங்கள் பண்டார, முகத்துக்கு நேரே சொன்னார்!

வாகனம் கண்டிப் பக்கம் போய் மறைந்தது. மற்ற ஆண்களோடு நானும் மயானத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிற்பகல் மாணவர்களுக்குப் பரிசோதனை இருந்தது, கரைசல் தயாராகவில்லை, அதை வேறொருவர் கையில் விட எனக்கு மனமில்லை. உங்களுக்கு விளங்கும். போய்வாருங்கள் மிஸ். நான் ஓடிப்போய் என் வேலையைத் தொடங்கினேன்.